கமிட்டிக்கு நாங்கள் சொல்லித்தராதது

நீர்வடிப்பகுதித் திட்டத்தில், அதாவது மழைநீர் ஒரே ஓடைக்கு வடிந்து சேரும் நிலப்பரப்பில் மண்ணையும் தண்ணீரையும் காக்கும் திட்டத்தில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர்க் கமிட்டிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது, எந்தப் பக்கத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைத்தான். இதை எழுதும்போது இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், அளவுப் புத்தகம் என்று நாலைந்து நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர்களுக்கு டூவீலரில் போவேன். ஊர்ப் பொது இடமான மந்தையில் பத்துப் பேரை உட்காரவைத்து, "தலைவர் இங்க, செயலாளர் இங்க" என்று பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டுவேன். அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் அது 'ஒரு நாள் பயிற்சி' என்று ஏறும்.

2008இன் பொது வழிகாட்டு நெறிமுறைகள் வந்து, அதன்படி ஐ.டபிள்யூ.எம்.பி. என்ற ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டம் 2009-10இல் தொடங்கியிருந்த காலம் அது. சமவெளிக்கு ஹெக்டேருக்கு 12,000 ரூபாய். ஒரு சிறு நீர்வடிப்பகுதி 500 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால் 60 லட்சம். அதில் 5 சதவீதம், அதாவது 3 லட்சம், ஊர் அமைப்புகளை உருவாக்கிப் பயிற்சி கொடுப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். கமிட்டியில் குறைந்தது 10 பேர் இருக்க வேண்டும், அதில் பாதிப் பேர் சுய உதவிக் குழு, பயனாளர் குழு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், நிலமில்லாதவர்கள் என்ற வரிசையிலிருந்து வர வேண்டும், கிராம சபையில் வைத்துத்தான் அமைக்க வேண்டும் என்றெல்லாம் அப்போது விதி இருந்தது. நன்றாக யோசித்து எழுதிய விதிகள், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. நாங்கள் அமைத்த முதல் கமிட்டியிலும் அந்தப் பாதி இருந்தது. ஆனால் அந்தப் பெண்களில் மூன்று பேர் கூட்டத்துக்கு வந்ததே இல்லை, நோட்டுதான் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தது. கொண்டுபோனவன் நான்தான்.

அந்த ஊரில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீர்வடிப்பகுதி வேலையில் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம் ஒன்று உண்டு. மேலே கரட்டில் ஆரம்பித்துக் கீழே ஓடைக்கு இறங்க வேண்டும். கரட்டுச் சரிவில் குறுக்கே கல் அடுக்கி, வாய்க்கால் மாதிரி குழி வெட்டி, மரம் புல் வளர்த்து, வரும் தண்ணீரின் வேகத்தை அங்கேயே குறைத்துவிட்டு, அப்புறம் மானாவாரி நிலத்தில் வரப்புப் போட்டு, பண்ணைக்குட்டை வெட்டி, கடைசியில்தான் ஓடையில் சிமெண்ட் தடுப்பணை. இந்த வரிசை மாறக்கூடாது. ஆனால் அந்த வருடம் மார்ச் 31க்குள் பணத்தைச் செலவு செய்து கணக்குக் காட்டியாக வேண்டும் என்று எங்களுக்கு மேலிருந்து நெருக்கடி. கல் அடுக்குவதில் எவ்வளவுதான் செலவாகும்? தடுப்பணை என்றால் ஒரே பில்லில் லட்சங்கள் போய்விடும். கமிட்டித் தலைவருக்கும் தன் கிணற்றுக்கு மேலே ஓடையில் ஒரு அணை வந்தால் சந்தோஷம்தான். தீர்மானம் எழுதிக்கொடுத்தேன், புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்து விழுந்தது. அணை வந்தது. அந்த ஐப்பசியில் இரண்டு பெரிய மழை பெய்தது, சரளை மண்ணும் மணலுமாகக் கரட்டிலிருந்து இறங்கி அணைக்குப் பின்னால் இடுப்பளவுக்கு நிரம்பிவிட்டது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் நின்றது.

போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "மேல ஒண்ணும் செய்யாம கீழ மறிச்சா மண்ணுதான தம்பி வரும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். எங்கள் பயிற்சிக் கையேட்டில் படம் போட்டுப் பத்துப் பக்கம் விளக்கியிருந்தது அந்த ஒரே வரியில் இருந்தது. அவருக்கு நிலம் கிடையாது. கமிட்டியில் அவர் பெயரும் கிடையாது.

அடுத்த ஊரில் நான் நோட்டை எடுக்கவே இல்லை. முதல் இரண்டு மாதம் நடந்தோம், அவ்வளவுதான். ஆடு மேய்க்கிற நாலைந்து பேரை முன்னால் விட்டு, பின்னால் நிலம் வைத்திருப்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், நான். மழை பெய்யும்போது கரட்டில் நிற்பவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள்தானே, எந்தப் பாறை இடுக்கில் தண்ணீர் முதலில் கூடும், எங்கே ஓடை இரண்டு கிளையாகப் பிரியும், எந்த இடத்தில் பத்து வருடத்துக்கு முன்னால் மண் சரிந்தது என்று கால் வைத்துக் காட்டினார்கள். திரும்பி வந்து கோலப்பொடியில் தெருவிலேயே ஊர்ப்படம் போட்டபோது, நிலஅளவை வரைபடத்தில் இருக்கிற ஓடை ஒன்று இன்றைக்கு அங்கே இல்லை, இரண்டு பேர் நிலத்துக்குள் போய்விட்டது என்பது எல்லோர் கண்ணெதிரிலும் தெரிந்தது. ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. அந்தச் சண்டையை நான் நிறுத்தாமல் விட்டதை, இத்தனை வருட வேலையில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகவே நினைக்கிறேன்.

அந்த நடையில் எங்களை அதிகம் யோசிக்கவைத்த கேள்வியும் ஆடு மேய்க்கிறவர்களிடமிருந்துதான் வந்தது. "கரட்டுல செடி வச்சு மேய்ச்சல நிப்பாட்டுவீங்க. தண்ணி அவங்க கிணத்துக்குப் போகும். எங்களுக்கு என்ன?" சண்டிகர் பக்கத்தில் சுகோமாஜ்ரி என்ற ஊரின் கதையை அன்று ராத்திரி அவர்களுக்குச் சொன்னேன். சண்டிகரின் சுக்னா ஏரியில் மண் சேர்ந்துகொண்டே போக, அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர்கள் இந்த ஊரின் மொட்டை மலையில் போய் நின்றார்கள். பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வளப் பாதுகாப்பு அதிகாரி 1970களில் அங்கே சிறு அணைகள் கட்ட முன்னின்றார். மேய்ச்சலை நிறுத்தச் சொன்னபோது, நிலமில்லாதவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு சம பங்கு தண்ணீர் என்று முடிவானது, தேவையில்லாதவர் தன் பங்கை மற்றவருக்குக் கொடுத்து ஈடு வாங்கிக்கொள்ளலாம். அதற்கப்புறம் மலையை ஊரே காவல் காத்தது, வேலி போட வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீரை அப்படிப் பங்கு போட முடியவில்லை, எல்லாம் தனியார் கிணறு. ஆனால் கரட்டை மூன்று துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் மாறி மாறி ஓய்வு கொடுப்பது, ஓய்வில் இருக்கும் துண்டில் புல்லை அறுத்து எடுக்கும் உரிமை ஆடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று முடிவு வந்தது. நுழைவுப் பணிக்கான, அதாவது ஊரின் நம்பிக்கையைப் பெற முதலில் செய்யும் சிறு வேலைக்கான, பணத்தில் நிழற்குடை கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள், பெண்கள் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றார்கள். தொட்டிதான் வந்தது.

சரிவில் மட்டம் பார்க்கும் ஏ-பிரேம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே நீளத்தில் இரண்டு குச்சி, குறுக்கே ஒரு குச்சி, உச்சியிலிருந்து ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்ட கல். இரண்டு காலையும் ஊன்றி நூல் படும் இடத்தைக் குறுக்குக் குச்சியில் குறித்துக்கொண்டு, கால்களை இடம் மாற்றி மறுபடி குறித்தால், இரண்டு குறிக்கும் நடுவில் இருப்பதுதான் சமமட்டம். அப்புறம் ஒரு காலை வைத்தபடியே மறுகாலைச் சுழற்றி, நூல் நடுக்குறியில் நிற்கும் இடமெல்லாம் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே போனால், சரிவில் மட்டக்கோடு கிடைத்துவிடும். ஐம்பது ரூபாய்கூட ஆகாத கருவி இது. இன்ஜினியரின் கருவியை நம்பிக் காத்திருந்த ஊரில், பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு அக்கா இதை வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் ஆம்பளைகள் சுண்ணாம்பு வாளியோடு போனதைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

அந்த அக்கா அதோடு விடவில்லை. அளவுப் புத்தகம் எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மண்வரப்பின் மேலகலம் அரை மீட்டர், அடியகலம் ஒன்றரை மீட்டர் என்றால் சராசரி ஒரு மீட்டர், உயரம் 0.6, நீளம் 100 மீட்டர், ஆக 60 கன மீட்டர். மண் எடுத்த குழியில் அங்கங்கே தோண்டாமல் விட்ட திட்டுகளை வைத்து ஆழத்தைச் சரிபார்க்கலாம். இரண்டு வாரத்தில் நான்கு பெண்கள் டேப்போடு இறங்கி, பில்லில் எழுதியதையும் கரையில் இருந்ததையும் ஒப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு இடத்தில் கணிசமாகக் குறைந்தது. வேலையை எடுத்துச் செய்த மேஸ்திரி மறுபடி மண் போட்டுக்கொடுத்தார். இதனால் எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் கிடைக்கவில்லை, பில் தாமதமாகிறது என்று பேச்சு வாங்கினேன். பரவாயில்லை. கணக்கு அளப்பது ஊரின் கையில் இருந்தால்தான் கமிட்டி கமிட்டியாக இருக்கும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான்.

மழை அளக்கிற வேலை பிள்ளைகளுடையது. பக்கம் நேராக இருக்கிற ஒரு டப்பா, ஒரு ஸ்கேல், காலை எட்டரை மணிக்கு அளவு, மந்தைச் சுவரில் சாக்பீஸில் எழுதுவது. ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் இருபது நடை. இதைச் சுவரில் கணக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு பெரியவர், கோடையில் ஒரு டேங்கர் தண்ணீருக்குக் காசு கொடுத்து முருங்கையைக் காப்பாற்றியவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

திட்டம் முடிந்து நாங்கள் கிளம்பினோம். தனியார் நிலத்தில் நடந்த வேலைகளுக்குச் சொந்தக்காரர்கள் 10 சதவீதமும், சிறு, குறு விவசாயிகளும் பட்டியல் சாதியினரும் 5 சதவீதமும் கட்டிச் சேர்த்த பராமரிப்பு நிதி வங்கியில் இருந்தது. பல ஊர்களில் இந்தப் பணம் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், எடுப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதே ஊருக்குத் தெரியாது, நாங்களும் போகிற அவசரத்தில் சொல்லியிருக்க மாட்டோம். மூன்று வருடம் கழித்து இரண்டாவது ஊருக்குப் போனபோது, அந்தப் பணத்தில் இரண்டு தடுப்பணைகளில் மண் அள்ளியிருந்தார்கள். அள்ளிய வண்டல் யார் நிலத்துக்கு என்று மூன்று கூட்டம் சண்டை போட்டு, கடைசியில் ஏலம் விட்டு அந்தக் காசையும் நிதியிலேயே சேர்த்திருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததில் இது எதுவும் இல்லை.

ஆனால் வேறு ஒன்றும் நடந்திருந்தது. கிணறுகளில் தண்ணீர் ஏறியதைப் பார்த்ததும் ஊரில் புதிதாக எட்டு போர்வெல் இறங்கியிருந்தது, எழுநூறு எண்ணூறு அடிக்கு. சோளமும் கடலையும் போட்ட காட்டில் கரும்பு நின்றது. மகாராஷ்டிரத்தில் ஹிவ்ரே பஜாரில் பாசனத்துக்குப் போர் போடக் கூடாது, ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும் இருக்கிற தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் என்ன பயிர் என்று முடிவு செய்வது என்று ஊரே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் எங்கள் பயிற்சியில் தண்ணீரை நிறுத்துவதைப் பற்றித்தான் பேசினோம், எடுப்பதைப் பற்றி ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. பெரிய விவசாயிகள் மனம் நோகும், கமிட்டி உடைந்துவிடும் என்று தள்ளிப்போட்டோம். இன்றைக்குப் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்டால், அதைத்தான் முதல் கூட்டத்திலேயே பேசச் சொல்வேன்.

அன்று சாயங்காலம் மந்தையில் உட்கார்ந்திருந்தபோது, ஏ-பிரேம் பிடித்த அந்த அக்காதான் கேட்டார். "மழைய அளந்தோம், மண்ண அளந்தோம். போர்ல போறத எப்படித் தம்பி அளக்குறது?"

மறுநாள் காலை ஒரு 200 லிட்டர் பேரலை உருட்டிக்கொண்டு போனோம். போர்க்காரர் முதலில் யோசித்தார், அப்புறம் சரி என்று மோட்டாரைப் போட்டார். செல்போனில் நேரம் பார்த்தோம், பேரல் நிரம்ப 80 வினாடி. மணிக்கு 9,000 லிட்டர். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 54,000. அக்கா மந்தைச் சுவருக்குப் போய், பிள்ளைகள் எழுதியிருந்த மழைக்கணக்குக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதினார். ஒரு ஏக்கரில் பெய்த 25 மில்லிமீட்டர் மழை அத்தனையும் இந்த ஒரு போருக்கு இரண்டு நாளைக்குக்கூடக் காணாது. பின்னாலேயே வந்திருந்த போர்க்காரர் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், மற்ற ஏழு போரையும் இதே பேரலில் அளந்துவிட்டுப் பேசலாம் என்றார்.