பனிக்குகையில் விட்டுவந்தவளுக்கு ஒரு மகன்

செப்டம்பர் 6 வந்தால் ஆன் கிறிஸ்பினை நினைத்துக்கொள்வேன். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர், புத்தக அட்டைகளில் ஏ.சி. கிறிஸ்பின். 2013-இல் அந்த நாளில்தான் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. 63 வயது.

எனக்கு அவர் கிடைத்தது திருவல்லிக்கேணி நடைபாதையில். அண்ணனுக்குப் பழைய பாடப்புத்தகம் தேடிப்போன இடத்தில், குவியலுக்கு அடியில் அவருடைய 'யெஸ்டர்டேஸ் சன்' நாவல் கிடந்தது. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. அட்டையில் ஸ்டார் ட்ரெக் என்ற பெயரைப் பார்த்ததும் அண்ணன் பேரம்கூடப் பேசவில்லை. பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

அந்த நாவலுக்கு மூலம் 1969 மார்ச்சில் ஒளிபரப்பான 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்' என்ற அத்தியாயம். எழுதியவர் ஜீன் லிசெட் அரோஸ்டே. கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக நூலகர், அவரும் இந்தத் தொடரின் ரசிகை. சூரியன் வெடிக்கப்போகிற ஒரு கிரகத்தில், மக்கள் எல்லாரும் ஒரு நூலகத்தின் வழியாகக் கடந்த காலத்துக்குள் தப்பிப்போகிறார்கள். தொடரின் விண்கலத்தில் வரும் ஸ்பாக்கும் டாக்டர் மெக்காயும் தவறுதலாக 5,000 வருடம் பின்னால் போய்ப் பனியுகத்தில் விழுகிறார்கள். அங்கே ஒரு கொடுங்கோலன் நாடுகடத்திய ஸாரபெத் என்ற பெண் குகையில் தன்னந்தனியாக வாழ்கிறாள். உணர்ச்சியே காட்டாத வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்து ஸ்பாக் அவள்மேல் காதல்கொள்கிறான். அப்புறம் அவளை விட்டுத் திரும்புகிறான். திரும்பியதும் அவன் சொல்வது, அவள் எப்போதோ இறந்து மண்ணுக்குள் போய்விட்டாள் என்பதுதான். அவ்வளவுதான், கதை முடிந்தது.

இந்த அத்தியாயத்தைப் பல வருடம் கழித்து டிவிடியில்தான் பார்த்தேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பெண்ணை அப்படியா விட்டுவிட்டு வருவது?

கிறிஸ்பினின் நாவல் அவளை விடவில்லை. அந்தக் கிரகத்தின் தொல்பொருள் படங்களைப் பார்க்கும்போது, ஒரு குகை ஓவியத்தில் வல்கன் முகம் ஒன்று இருப்பதை ஸ்பாக் கவனிக்கிறான். அப்படியென்றால் தனக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. மறுபடி கடந்த காலத்துக்குத் தேடிப் போகிறான். போய்ச் சேரும்போது ஸாரபெத் இறந்துபோயிருக்கிறாள். மகன் வளர்ந்த ஆளாகிவிட்டான். பெயர் ஸார். தாய் சொன்ன கதைகளிலேயே அப்பாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, நேரில் வந்து நிற்கும் அப்பா குளிர்ந்த கல்லாக இருக்கிறார். அந்த மௌனத்தை எழுதிய பக்கங்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. எங்கள் அப்பாவும் அதிகம் பேசாதவர்.

அமெரிக்காவில் அறுபதுகளிலிருந்தே ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் தாங்களே கதை எழுதி, தட்டச்சு செய்து, உருட்டி அச்சடித்து, தபாலில் சுற்றுக்கு விட்டார்கள். நம் ஊர்க் கையெழுத்துப் பத்திரிகைகளின் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று அவற்றைச் சொல்லலாம். அதில் பெரும்பகுதி பெண்கள் செய்த வேலை. தொடர் கைவிட்ட இடத்தில் கதையை எடுத்துத் தொடர்வது அவர்களுக்கு இயல்பான காரியம். கிறிஸ்பினும் தொடரை அப்படி நேசித்தவர். 1983-இல் வெளியான அந்த நாவல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது. 1994-இல் ஸ்பாக்கின் அப்பா பெயரிலேயே 'ஸாரெக்' என்ற நாவலை எழுதினார். ஸ்பாக்கின் அம்மா அமாண்டா சாகக் கிடக்கும்போது, கடமை என்று அப்பா கிளம்பிப்போவார். ஸ்பாக்கால் அதை மன்னிக்க முடியாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதத்தில் அதைப் படித்தேன். மற்ற தொடர்களுக்கு அவர் எழுதியவற்றை நான் அவ்வளவாகப் படிக்கவில்லை.

அவருக்கு நான் பட்ட கடன் இன்னொன்று உண்டு. என் சிறுகதைத் தொகுப்பைப் போடுகிறோம் என்று ஒரு பதிப்பகம் சொன்னது. மகிழ்ச்சியில் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். பிறகுதான் செலவுக்கு முப்பதாயிரம் கேட்டார்கள். நகையை அடகு வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நேரத்தில் 'ரைட்டர் பிவேர்' பற்றிப் படித்தேன். எழுத வருகிறவர்களை ஏமாற்றும் போலி முகவர்களையும் பதிப்பாளர்களையும் அம்பலப்படுத்த, 1998-இல் கிறிஸ்பினும் விக்டோரியா ஸ்ட்ராஸும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. சம்பளமில்லாத வேலை. புகார் அனுப்புகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதுவார்கள். பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வரவேண்டும் என்ற விதியை அங்கேதான் கற்றேன். பணம் கட்டவில்லை. தொகுப்பு மூன்று வருடம் தள்ளி, வேறொரு இடத்தில் ஒரு பைசா செலவில்லாமல் வந்தது.

தன் நாவல்களுக்கு நடுவே அத்தனை வருடம் முகம் தெரியாதவர்களுக்காக உட்கார்ந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இறப்பதற்குச் சில நாள் முன்பு ரசிகர்களுக்கு அவரே எழுதினார். உடல் மோசமாகிவருகிறது, அதிக நாள் இருக்காது, நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள், குடும்பமும் நண்பர்களும் கூட இருக்கிறார்கள், வாழ்த்துக்கு நன்றி. அதைப் படித்ததும் அண்ணனுக்கு போன் செய்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்த புக் உங்கிட்டதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

இருக்கிறது. முதுகு பிரிந்து இரண்டு தடவை பசை போட்டு ஒட்டியாகிவிட்டது. போன மாதம் அண்ணன் மகள் வாங்கிப்போய் இரண்டே நாளில் முடித்தாள். கடைசியில் ஸார் தன் காலத்துக்கே திரும்பிப்போகிறான் இல்லையா, அந்தப் பக்கத்தோடு போன் செய்தாள்.

"அத்தை, அவன் அப்பாவை மறுபடி பார்ப்பானா, மாட்டானா?"

பார்ப்பான் என்றேன். அதற்காகவே 1988-இல் இன்னொரு நாவல் எழுதிவைத்திருக்கிறார் கிறிஸ்பின். அதைத் தேடி அடுத்த ஞாயிறு அவளைத் திருவல்லிக்கேணிக்குக் கூட்டிப்போகிறேன்.