"நல்லாத்தானே பேசுறாரு" என்று திருப்பி அனுப்பினார்கள்

யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஆன்லைனில் விண்ணப்பிப்பது பெரிய வேலையில்லை. சிக்கல் சான்றிதழ் தரும் மருத்துவ முகாமில்தான். மேசையில் இருந்தவர் அப்பாவிடம் பேர், ஊர் கேட்டார். அப்பா தெளிவாகச் சொன்னார். "நல்லாத்தானே பேசுறாரு, எதுக்கு சர்டிஃபிகேட்?" என்று ஃபைலை மூடிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் 'பேச்சில் தடுமாற்றம்' என்று ஒரே வரி. பக்கவாதம் வந்தவரை வெயிலில் காக்கவைத்து இப்படி அனுப்பினால் வயிறு எரியாதா?

அப்பாவுக்கு நாம் சொல்வது புரியும், தானாகவும் பேசுவார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லத்தான் வராது. இதைப் பிடித்தது ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். "தலையணை" என்று சொல்லச் சொன்னார். "தலை... தளைய... தணலை... தலைணை" என்று அப்பா கிட்டக்கிட்ட வந்தார். தப்பு என்று அவருக்கே தெரிந்து முகம் சுருங்கியது. "நேத்து சாயங்காலம் கடைத்தெருவுல நல்ல மழை" என்றதற்கு, "ஆமா, பஜார்ல... மழை பேஞ்சுது" என்றார். அர்த்தமே இல்லாத "நிபுடா"வுக்கு வாயே திறக்கவில்லை.

காதில் விழும் பேச்சு மூளையில் இரண்டு வழியாகப் போகிறதாம். கீழ்வழி அர்த்தத்துக்கு. மேல்வழி, கேட்ட ஒலியை நாக்கு, உதட்டு அசைவாக மாற்ற. அப்பாவுக்கு அடிபட்டது இடப்பக்க மேல்வழி: அர்குவேட் ஃபாசிகுலஸ் என்ற நரம்புக் கற்றையும் அதன் பின்முனையை ஒட்டிய மூளைப் புறணியும் (மேலடுக்கு). அதனால்தான் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு சொந்த வார்த்தையில் சொல்கிறார். மூளை பாதித்து மொழித்திறன் கெடுவதுதான் அஃபேசியா. அதில் இந்த வகைக்குப் பெயர் கண்டக்‌ஷன் அஃபேசியா. 1874-லேயே வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இப்படி ஒரு வகை இருக்கும் என்று எழுதிவிட்டார். நம் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் அட்டவணையிலேயே அஃபேசியா பெயரோடு இருக்கிறது. அடுத்த முகாமுக்கு அந்தப் பக்கத்தையும் பிரின்ட் எடுத்துப் போனோம். கூடவே வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்ற மொழித்திறன் சோதனையின் மதிப்பெண் தாள். சரளம், புரிதல், திருப்பிச் சொல்வது, பெயர் சொல்வது என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டிருக்கும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, அப்பாவை ஒரு வாக்கியம் திருப்பிச் சொல்லச் சொன்னார். பாதியிலேயே கையெழுத்துப் போட்டார். குறைபாட்டு அளவு, சலுகைகளுக்கான வரம்பான 40 சதவீதத்தைத் தாண்டியது!

போகிறவர்களுக்கு: "ரிப்பீட்டிஷன் (திருப்பிச் சொல்வது) பார்த்தீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சோதனை தமிழிலேயே நடக்கட்டும். நடக்கும்போது பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்காதீர்கள். அப்புறம், மதிப்பெண் தாளை ஜெராக்ஸ் எடுத்துவிட்டுக் கொடுங்கள். எங்களிடம் வாங்கிய ஒரிஜினல் திரும்பி வரவேயில்லை.