பதுவை அந்தோனியார்: ஆர்செல்லாவிலிருந்து நடந்தால்தான் செவ்வாய் புரியும்

புனித அந்தோனியாருக்கு ஏன் செவ்வாய்க்கிழமை நவநாள் செபம்? விடை இத்தாலியின் பதுவை நகரத் தெருவில் இருக்கிறது. 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. காம்போசாம்பியரோவிலிருந்து மாட்டுவண்டியில் வந்த ‘கோடி அற்புதர்’ அந்தோனியார், நகருக்குள் நுழையும் முன்பே ஆர்செல்லாவில் உயிர்விட்டார். உடலைத் தர அப்பகுதியினர் மறுக்க, இழுபறி நீண்டு, 17-ஆம் தேதி செவ்வாயன்றுதான் அடக்கம் நடந்தது.

அந்த இறுதி ஊர்வலம் போன திசையிலேயே நடப்பது நல்லது. ஆனால் ரயிலில் வருகிறவர்கள் பெரும்பாலும் நிலையத்தின் தெற்கு வாசலில் வெளியேறி நேரே அவர் கல்லறை உள்ள பேராலயத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆர்செல்லா இருப்பதோ தண்டவாளத்துக்கு வடக்கே. போர்கோமாக்னோ மேம்பாலம் ஏறி இறங்கி, சுமார் கால்மணி நேரம் நடக்க வேண்டும். அவர் இறந்த சிற்றறை இன்றைய கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள்.

திரும்பி மேம்பாலம் கடந்து, கோர்சோ தெல் போப்போலோ, கோர்சோ கரிபால்தி, வியா காவூர், வியா தெல் சாந்தோ. மொத்தம் மூன்று கிலோமீட்டர் அளவு. முட்டிவலிக்காரர்களுக்கு இதே வடக்கு–தெற்குத் தடத்தில் டிராம் உண்டு; ஏறியதும் டிக்கெட்டை இயந்திரத்தில் பதிய மறந்தால் அபராதம். வழியில் ‘துவோமோ’ என்ற பலகையை நம்பித் திரும்ப வேண்டாம். அது ஆயரின் பேராலயம், வேறு கோவில். ‘இல் சாந்தோ’ என்று கேளுங்கள். பதுவைக்காரர்களுக்குப் பெயரே தேவையில்லை, புனிதர் என்றால் இவர்தான்.

தோளும் முழங்காலும் மறைந்த உடை கட்டாயம். கல்லறை நடுப்பீடத்தில் இல்லை, உள்ளே போனதும் இடப்பக்கச் சிறகில். சுற்றிலும் துல்லியோ லொம்பார்தோ, சான்சோவினோ முதலியோர் செதுக்கிய, அவரது வாழ்வையும் அற்புதங்களையும் காட்டும் ஒன்பது பளிங்குக் காட்சிகள். பின்புறம் சென்று கல்லில் உள்ளங்கை பதித்துச் செபிப்பதே வழக்கம். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், மன்றாட்டை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கருமை மாதா சிற்றாலயம். பேராலயம் எழும் முன் இங்கிருந்த சிறு மாதா கோவிலின் மிச்சம் அது. அந்தச் செவ்வாயன்று அவரை அடக்கம் செய்தது அந்தக் கோவிலில்தான். இங்கே நிற்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள். நடுப்பீடத்துக்குப் பின்னால், புனிதரின் உடல் எச்சங்களை வைத்திருக்கும் அருளிக்கச் சிற்றாலயம் இருக்கிறது. 1263-இல் பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் புனித பொனவெந்தூர் முன்னிலையில் பேழையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க, நாக்கு மட்டும் அழியாதிருந்தது. நற்செய்தி சொன்ன அந்த நாக்கின் முன் முழந்தாளிட நேரம் வேண்டுமே! நண்பகலில் இச்சிற்றாலயத்தைச் சிறிது நேரம் மூடுவார்கள், அதற்குள் வந்துவிடுங்கள்.

மாலையில் ஐந்து, பத்து நிமிட நடையில் பிராத்தோ தெல்லா வால்லே சதுக்கம். அதன் ஓரத்துச் சாந்தா ஜுஸ்தீனாவில் நற்செய்தியாளர் லூக்காவின் கல்லறை இடச்சிறகில். மண்டையோடு செக் நாட்டின் பிராகாவில்.