பவர் ஒன்று, கண் வேறு: ஐசிஎல்லுக்கு அளவெடுத்த கதை

எனக்கும் தம்பிக்கும் கண் பவர் மைனஸ் பத்து. இருவரும் ஐசிஎல், அதாவது கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸ், வைத்துக்கொள்ளலாம் என்று சென்னையில் ஒரு தனியார் கண் கிளினிக்குக்குப் போனோம்.

முதல் தடவை போனதே வீண். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், ஹார்டு லென்ஸ் என்றால் அதற்கும் மேலே, கழற்றி வைத்துவிட்டுத்தான் அளவெடுக்க வர வேண்டும். லென்ஸ் கருவிழியின், அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் படலத்தின், வளைவையே மாற்றியிருக்கும். அப்பாயின்ட்மென்ட் கொடுத்தவர் இதைச் சொல்லவே இல்லை. தாம்பரத்திலிருந்து ரயிலேறி வந்தது, லீவு, எல்லாம் போச்சு.

மறுபடி போனபோது அளவெடுப்பு சட்டென்று முடிந்தது. வினை ஃபைலில் இருந்தது. என் பெயர் போட்ட தாளில் கண்ணின் நீளம் 27.7 மி.மீ., கருவிழியின் வளைவைச் சொல்லும் கே ரீடிங் 42.5. எனக்கு எப்போது பார்த்தாலும் கே ரீடிங் 45-க்கு மேல்தான் வரும். லென்ஸ் வாங்கும் கடையின் பழைய சீட்டு பையிலேயே இருந்தது. தம்பியின் தாளை வாங்கிப் பார்த்தேன்: 26.7, 45.25. எங்கள் தாள்கள் மாறியிருந்தன.

கவுண்டரில் சொன்னால், "ரெண்டு பேருக்கும் மைனஸ் பத்துதானே மேடம், பெரிய வித்தியாசம் இருக்காது" என்றார். "விடுக்கா, திரும்ப எடுத்துக்கலாம்" என்று தம்பி கையைப் பிடித்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வித்தியாசம் நிறைய இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் ஆண்களின் கண் அரை மில்லிமீட்டர் போல நீளம் கூடுதல், கருவிழி தட்டை. பெண்களுக்குக் கண் நீளம் குறைவு, கருவிழியில் வளைவு அதிகம், கருவிழிக்குப் பின்னால் இருக்கும் முன்னறையின் ஆழமும் சற்றுக் குறைவு. உடல் உயரமும் இதற்கு ஒரு காரணம். வளைவு கூடிய கருவிழி ஒளியை அதிகமாக மடக்குவதால் என் கண் 26.7-லேயே மைனஸ் பத்துக்கு வந்துவிட்டது. தம்பியின் கண் அதே பவருக்கு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டிருக்கிறது.

ஐசிஎல் உட்காருவது கருந்திரைக்கு, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரைக்கு, பின்னால். கருவிழியின் அகலமும் முன்னறை ஆழமும் பார்த்துத்தான் அதன் சைஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிதாகிவிட்டால் கருந்திரையை முன்னால் தள்ளி கண் அழுத்தம் ஏறும். சிறிதானால் இயற்கை லென்ஸை உரசிக் கண்புரை வரலாம். அவன் அளவில் எனக்கு ஆர்டர் போயிருந்தால்?

டாக்டரிடம் நேராகவே போய் இரண்டு தாள்களையும் காட்டினேன். அவர் பதறிப்போய் இருவருக்கும் மறுபடி அளவெடுக்கச் சொன்னார். என் முன்னறை ஆழம் 2.8 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. பொதுவாக அதற்குக் கீழே போனால் வைக்க மாட்டார்கள். தப்பித்தேன்.

நீங்கள் போனால், கண்ணை விரிக்கும் சொட்டு மருந்து போடுவதற்கு முன்பே அளவெடுக்கச் சொல்லுங்கள். தாளில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பதைச் சரிபார்த்து, அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கே ரீடிங் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. ஐசிஎல் பவரைத்தான் சரிசெய்யும், விழித்திரையை இழுத்து மெலிதாக்கும் கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். அதனால் வருஷா வருஷம் விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீளம் குறைவுதானே என்று பெண்கள் அசட்டையாக இருக்கவே கூடாது. தீவிரக் கிட்டப்பார்வையால் வரும் விழித்திரைப் பாதிப்பு பெண்களிடம் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. செலவுக்கு யோசிப்பவர்களுக்கு 1819-லிருந்து இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.