ஆளுக்கு ஓர் ஆள்

சேர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி இந்த மலரில் எழுத எத்தனையோ இருக்கலாம். ஆனால் அவர் நடத்திய வியாழக்கிழமை வாசிப்பு வட்டமும், அது டால்ஸ்டாயின் ‘போரும் சமாதானமும்’ நாவலோடு பட்ட பாடும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. நூலகத்து நீள மேசை, சேரின் நீல மட்டைக் கொப்பி, வாசிக்காமல் வந்தவர் உட்காரும் மூலை எல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போது நாடு நாடாகப் பிரிந்திருக்கும் நம்மவர்கள் சிலர் அதே நாவலை இணையவழியில் மறுபடி தொடங்கப் போகிறார்கள். சேர் கையாண்ட முறைகள் அவர்களுக்கு உதவும்.

முதல் தடுமாற்றம் பதிப்பால் வரும். ஒரே மேசையில் நான்கு பதிப்புகள் இருந்தால் பக்க எண்ணுக்குப் பயனே இல்லை. பாக எண்ணும் ஏமாற்றும். நாவல் 4 தொகுதிகளும், அவற்றுக்குள் 15 பாகங்களும், இரண்டு பகுதிகள் கொண்ட பின்னுரையும் உடையது. 1922–23இல் வந்த லூயிஸ், அய்ல்மர் மோட் தம்பதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு தொகுதிக் கணக்கை விட்டு 15 புத்தகங்களாக எண்ணுகிறது. அதனால் ‘மூன்றாம் தொகுதி, இரண்டாம் பாகம்’ என்று ஒருவர் சொல்வது இன்னொருவரிடம் பத்தாம் புத்தகமாக இருக்கும். அத்தியாய எண்களும் சில இடங்களில் முன்பின்னாகும். சேர் எண்ணே சொல்லமாட்டார், காட்சியைச் சொல்வார். ‘நட்டாஷா இரவில் ஜன்னலில் ஏறி நிலவைப் பார்க்கும் இடம்வரை’ என்றால் எந்தப் பதிப்பிலும் அது ஒரே இடம்தான். கீழே நான் சொல்லும் பாக எண்கள் 1 முதல் 15 வரை தொடர்ச்சியாக எண்ணியவை.

அடுத்தது பெயர்கள். பியேர், பியோத்தர் கிரிலோவிச், பெசூகவ் பிரபு மூவரும் ஒருவரே. நட்டாஷாதான் நத்தாலியா இலியினிச்னா. தகப்பன் பெயர் இலியா என்பதால் மகள் இலியினிச்னா, மகன் நிக்கொலாய் இலியீச். குடும்பப் பெயரும் ஆணுக்கு ரோஸ்தோவ், பெண்ணுக்கு ரோஸ்தோவா என்று மாறும். இந்த ஒரு விதி பிடிபட்டால் குழப்பத்தில் பாதி போய்விடும். பெசூகவ், ரோஸ்தோவ், பொல்கோன்ஸ்கி, குராகின், துருபெத்ஸ்காய் என்ற ஐந்து குடும்பங்களுக்கும் சேர் தனித்தனித் தாள் வைத்திருந்தார். வீட்டில் கூப்பிடும் பெயர், தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பெயர், கடைசியாக எங்கே பார்த்தோம் என்று மூன்று பத்திகள். மூன்றாவதுதான் உயிர். இருநூறு பக்கம் காணாமல் போன ஒருவர் திடீரென்று வந்து நிற்கும்போது அந்தப் பத்திதான் கைகொடுக்கும்.

1805 ஜூலையில் அன்னா பாவ்லவ்னாவின் மாலை விருந்தோடு கதை தொடங்குகிறது. அங்கே வருகிற எல்லோரையும் மனப்பாடம் செய்யப் போய்த்தான் பலர் முதல் வாரத்திலேயே களைத்துப் போகிறார்கள். பியேர், அந்திரேய் பொல்கோன்ஸ்கி, அவருடைய கர்ப்பிணி மனைவி லீஸா, வசீலி குராகின், அவர் மகள் எலென், தன் மகனுக்காகக் கெஞ்சும் அன்னா மிகாய்லவ்னா ஆகியோரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அந்த விருந்திலேயே பிரெஞ்சு மொழியும் வந்துவிடும். நாவலின் முதல் பேச்சே பிரெஞ்சில்தான். அடிக்குறிப்பைப் பார்க்கச் சோம்பி அதைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு பெரிய விஷயத்தை இழக்கிறார்கள். பத்தாம் பாகத்தில், நெப்போலியன் படை நெருங்கும் வேளையில், மொஸ்கோவில் ஜூலி என்ற சீமாட்டியின் வரவேற்பறையில் பிரெஞ்சு பேசுகிறவர் தண்டம் கட்ட வேண்டும். தொடக்கத்தில் அந்த மொழி எப்படிப் புழங்கியது என்று கவனித்தவருக்கே இந்தத் தண்டத்தின் எடை தெரியும். ஆகவே பிரெஞ்சுப் பகுதி வரும்போது ‘யார் யாரிடம் பேசுகிறார்’ என்பதை மட்டுமாவது ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும்.

வட்டங்கள் பெரும்பாலும் படுத்துவிடும் இடம் இரண்டாம் பாகம். வரவேற்பறைகளில் ஒருவழியாக முகங்கள் பழகிய நேரத்தில் கதை போர்முனைக்குத் தாவுகிறது. படைப்பிரிவுகள், புதிய பெயர்கள், ஷோன்கிராபென் சண்டை. ‘ஆளுக்கு ஓர் ஆள்’ என்பது இதற்குச் சேர் கண்ட மருந்து. முக்கிய பாத்திரங்களை யாருக்கும் கொடுக்கமாட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய பாத்திரம். அவர் எங்கே வந்தாலும் குறித்து, கூட்டத்தில் சொல்வதுதான் வேலை.

துஷினை எடுத்துக்கொள்ளுங்கள். பீரங்கிப்படையின் சிறிய உருவமுள்ள கப்டன். முதலில் சப்பாத்து இல்லாமல் வெறும் காலுறையோடு ஒரு கூடாரத்தில் நின்று, மேலதிகாரியிடம் பேச்சு வாங்குகிறார். யாரும் பொருட்படுத்தாத ஆள். சில அத்தியாயங்கள் கழித்து, பாதுகாப்புக்கு நின்ற படை போன பின்பும் சிறு பைப்பைப் புகைத்துக்கொண்டே பீரங்கிகளை இயக்குகிறார். பிறகு தளபதி பக்ராத்தியோன் முன்னால், இரண்டு பீரங்கிகளை ஏன் விட்டுவந்தாய் என்ற கேள்விக்கு வாய் திறக்க முடியாமல் நிற்கிறார். அந்திரேய்தான் அவருக்காகப் பேசுகிறார். ஐந்தாம் பாகத்தில் நிக்கொலாய் இராணுவ மருத்துவமனைக்குப் போகும்போது, ஒரு கை இழந்த துஷின் அங்கே இருக்கிறார். அவரைத் தேடிக்கொண்டே வாசித்தவருக்கு மட்டும் அந்த வரி நெஞ்சில் தைக்கும். போரை வரைபடம் வைத்து விளக்குவதைவிட இது நூறு மடங்கு நல்லது என்று இன்றும் நம்புகிறேன்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதம் ஒரு தொகுதி என்று வைத்தால் கடைசி வாரத்தில் முந்நூறு பக்கம் மிஞ்சும், கூட்டத்துக்கு ஆள் வராது. மொத்தம் 360க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள், பெரும்பாலும் சிறியவை. வாரம் 8 என்றால் ஏறத்தாழ 46 வாரங்கள். வேட்டையும் நட்டாஷாவின் நடனமும் வரும் ஏழாம் பாகத்தை ஒரே மூச்சில் முடிக்கலாம். பொரோடினோ போர் வரும் பத்தாம் பாகத்தில் 39 அத்தியாயங்கள், அங்கே வாரம் 5 போதும். பின்தங்கியவர் வெட்கப்பட்டு ஒதுங்குவதுதான் எந்த வட்டத்தையும் கொல்வது. சேர் அவரைக் கொண்டே கூட்டத்தைத் தொடங்குவார். நின்றுபோன இடத்திலிருந்து ஒரு பத்தியை அவர் உரத்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் பாகத் தொடக்கத்திலிருந்து வரலாற்றுக் கட்டுரைகள் குறுக்கிடும். அவற்றைப் பிற்பாடு வாசிக்க ஒதுக்கிவைப்பது குற்றமல்ல. டால்ஸ்டாயே 1873 பதிப்பில் அவற்றில் பலவற்றைப் பிரித்து இறுதியில் சேர்த்தார், பிரெஞ்சையும் ரஷ்யமொழிக்கு மாற்றினார். பிந்திய பதிப்புகளில் இரண்டும் பழையபடி திரும்பி வந்தன. ஆனால் அடியோடு விட்டுவிடக் கூடாது. தளபதிகளின் கட்டளையால் போர் நடப்பதில்லை என்று அந்தக் கட்டுரைகள் வாதிடுவதைத்தான் துஷின் முன்பே செய்துகாட்டியிருக்கிறார்.

நம் வட்டம் எட்டாம் பாகத்தின் முடிவில், பியேர் வால்வெள்ளியைப் பார்க்கும் இடத்தில் நின்றது. புத்தகத்தின் குற்றமல்ல. நாங்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டோம். முதலில் போனவர், குதிரைப்படை அதிகாரி தெனீசவைத் தன் ஆளாக வைத்திருந்தவர். அடுத்த வியாழன் சேர் தெனீசவைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு தொலொகவ், பிறகு சோனியா, பிறகு துஷின். கடைசியில் எல்லோரும் அவரிடமே இருந்தார்கள், கேட்கத்தான் எதிரே ஆள் இல்லை.

பதினான்காம் பாகத்தில் தெனீசவ் கெரில்லாப் படையோடு திரும்பி வருகிறார். சிறுவன் பேத்யா ரோஸ்தோவ் குண்டுபட்டு இறந்து கிடப்பதைக் கண்டதும் விலகிப்போய் வேலியைப் பிடித்துக்கொள்கிறார். அவர் வாயிலிருந்து நாய் குரைப்பதுபோல் ஓர் ஒலி வருகிறது. அந்தப் பக்கத்தைச் சேர் தனியாகத்தான் வாசித்திருப்பார்.