ஜோசஃபினுக்கு ஒரு போன்

படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது என் தொழில் என்று சொன்னால், "அதைத்தான் இப்போ கம்ப்யூட்டரே செய்யுதே" என்பார்கள் சொந்தக்காரர்கள். நானும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். ஒரே ஒருமுறை பெரியப்பாவிடம் கேட்டேன்: "சரி பெரியப்பா, ஒரு படத்துல ஒருத்தன் தன்னைக் கிளீனர்னு சொல்லிக்கிறான். தமிழ்ல என்ன எழுதறது?" "லாரில வர்றவனா?" என்றார். அதே சிக்கல்தான் எனக்கும்.

அந்தப் படம் 'நிகிதா'. லூக் பெஸோன் எடுத்து 1990இல் வெளியான பிரெஞ்சுப் படம். எந்தத் தளத்துக்காக என்று வேலை கொடுத்தவர்கள் கடைசிவரை சொல்லவில்லை. வழக்கமும் அதுதான். 117 நிமிடத்துக்கு ஒரு கோப்பு, ஆங்கிலத்தில் வசனம் எழுதிய ஒரு டெம்ப்ளேட், ஒரு கெடு தேதி. நான் கல்லூரி நாட்களில் பிரெஞ்சு படித்தவள் என்பதால் ஆங்கிலத்தை மட்டும் நம்பாமல் ஹெட்போனைக் காதில் மாட்டியும் கேட்பேன். அதற்குக் கூடுதல் காசு கிடையாது.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பாரிஸில் போதையில் கிடக்கும் ஒரு இளம்பெண் கூட்டாளிகளோடு மருந்துக்கடையை உடைக்கப் போகிறாள். அங்கே ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறாள். ஆயுள் தண்டனை. அப்புறம் அவள் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, அரசின் ரகசிய அமைப்பு ஒன்று அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது. பாப் என்கிற அதிகாரி அவளுடைய சவ அடக்கத்தின் புகைப்படத்தையே அவளிடம் காட்டுகிறார். எங்களுக்கு வேலை செய், இல்லையென்றால் கல்லறை தயாராகவே இருக்கிறது. நான் பார்த்ததிலேயே மோசமான வேலை நியமனம் இதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பிரான்ஸ் 1981இலேயே மரண தண்டனையை ஒழித்துவிட்டது. சட்டப்படி கொல்ல முடியாத பெண்ணை அரசு காகிதத்தில் கொன்றுவிடுகிறது. 1993இல் ஹாலிவுட் இதே கதையைத் திரும்ப எடுத்தபோது நாயகிக்கு நேரடியாக மரண தண்டனையே கொடுத்து, பொய் ஊசி போட்டுக் காட்டினார்கள். அதில் பரபரப்பு கூடியது, பயம் போய்விட்டது. காகிதத்தில் சாவதுதான் எனக்கு அதிக பயம் தருகிறது. உயிர்ச் சான்றிதழுக்கு அலையும் ஓய்வூதியக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் தகராறு கதைச் சுருக்கத்திலேயே வந்தது. மேலே சரிபார்க்கும் சார், 'தயங்கும் கூலிக்கொலையாளி' என்று எழுதச் சொன்னார். கூலிக்கொலையாளி என்றால் காசு வாங்கிக்கொண்டு போகிறவன். இவளோ அரசு ஊழியர், சார் என்றேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "பென்ஷன் உண்டா?" என்று கேட்டார். கடைசியில் வெறும் 'கொலையாளி' என்று போட்டோம்.

இந்தப் படத்தை நான் துப்பாக்கிப் படமாகப் பார்க்கவே முடியாமல் போனதற்குக் காரணம் என்னுடைய முதல் வேலை. படிப்பு முடித்ததும் சென்னையில் ஒரு கால் சென்டரில், பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே என் பெயர் சோஃபி. என் சொந்தப் பெயரை எதிர்முனையில் இருப்பவர் மூன்று முறை கேட்பார், அதில் நேரம் வீணாகும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. பயிற்சி கொடுத்த அம்மா சின்னக் கண்ணாடி ஒன்றை ஒவ்வொருவர் மேசையிலும் வைக்கச் சொன்னார். பேசும்போது சிரியுங்கள், சிரிப்பு போனில் கேட்கும் என்பார். உண்மைதான், கேட்கும். திட்டுகிற ஆளிடமும் சிரித்துக்கொண்டே பேசிவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகத்தைத் தளர்த்திக்கொண்டு வருவேன்.

படத்தில் ஆமாந்த் என்ற வயதான பெண்மணி நிகிதாவைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து உதட்டுச்சாயம் பூசவும் சிரிக்கவும் கற்றுக்கொடுக்கிற காட்சி உண்டு. நடித்திருப்பவர் ழான் மொரோ. பிரெஞ்சு சினிமாவின் ஒரு தலைமுறையே அந்த முகத்தில் இருக்கிறது. நிகிதாவாக வரும் ஆன் பாரியோ அந்தக் கண்ணாடியைப் பார்க்கும் பார்வை எனக்குப் புதிதாக இல்லை. அவருக்கு 1991இல் சிறந்த நடிகைக்கான சேஸார் என்ற பிரெஞ்சு சினிமா விருது கொடுத்தார்கள். சுடுவதற்காகக் கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பவர்கள் அந்தக் கண்ணாடிக் காட்சியை இன்னொரு தடவை பார்க்கலாம். பயிற்சி முடிந்து வெளியே அனுப்பும்போது அவளுக்கும் ஒரு புதுப் பெயர் தருகிறார்கள், மரீ. ரகசிய அழைப்புக்கு இன்னொரு பெயர், ஜோசஃபின். போனில் யாராவது ஜோசஃபின் என்று கேட்டால் கிளம்ப வேண்டும். அன்று அவளுக்கு வேறு வேலை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, மொழிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எல்லோரும் 'யூ'. பிரெஞ்சில் நம் நீ, நீங்கள் போல தூ, வூ என்று இரண்டு உண்டு, கேட்டால் காதில் விழும். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் தூவுக்கு இறங்கும் இடம் வேறு, நாம் நீக்கு இறங்கும் இடம் வேறு. நமக்கு 'நீ'யை எழுதாமல் விட்டாலும் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். வா என்றால் ஒன்று, வாருங்கள் என்றால் ஒன்று, வாடி என்றால் கதையே வேறு. பாப் அவளிடம் எப்படிப் பேசுவார்? நான் முதலில் 'நீ' என்று எழுதிக்கொண்டே போனேன், பாதியில் உறுத்தியது. அந்த ஆள் கத்துவதே இல்லை. கோட்டு கசங்காமல், குரல் உயராமல் ஒருத்தியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறார். எனக்குத் தெரிந்த மேலாளர்களில் ஒருமையில் பேசியவர்களைச் சமாளித்துவிட்டேன். 'நீங்க சொன்னா சரியா இருக்கும்மா' என்று பேசியவர்களிடம்தான் ஞாயிற்றுக்கிழமைகளை இழந்தேன். ஆனாலும் 'நீ'யையே வைத்துக்கொண்டேன். பாப் அவளை வளர்த்தவர் மாதிரியும் இருக்கிறார், காதலிப்பவர் மாதிரியும் இருக்கிறார். தமிழில் இரண்டுக்கும் 'நீ'தான்.

அப்புறம் 'மாமா'.

நிகிதா வெளியே வந்ததும் சூப்பர்மார்க்கெட் காசாளர் மார்க்கோவைக் காதலித்து அவனோடு வாழ்கிறாள். நர்ஸ் வேலை என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். பாப் ஒருநாள் விருந்துக்கு வருகிறார், அவளுடைய மாமா என்ற பெயரில். அவளுடைய சிறுவயதைப் பற்றி அழகான கதை ஒன்றைக் கட்டிச் சொல்கிறார். எல்லாம் பொய். அநாதை மாதிரி வளர்ந்தவளுக்கு ஒரு குழந்தைப்பருவத்தை அந்த ஆள் மேசையிலேயே தயாரித்துப் பரிமாறுகிறார். அவள் முகத்தைப் பாருங்கள், பொய் என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாரா என்று இருக்கும்.

பிரெஞ்சில் 'ஓங்க்ள்' என்றால் முடிந்தது. தமிழில் அம்மா வழியா அப்பா வழியா என்று முடிவு செய்யாமல் ஒரு எழுத்துகூட நகராது. சித்தப்பா என்று போட்டால் பாதுகாப்பு, ஆனால் காட்சி செத்துவிடும். மாமா என்றால் கட்டிக்கொள்ளும் முறை, பாப் அவள் மேல் வைத்திருக்கும் ஆசை அந்தச் சொல்லிலேயே தொங்கும். அதோடு தெருவில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு அர்த்தமும் சேர்ந்து வரும். யோசித்துப் பார்த்தால் பாப் செய்வதும் ஏறக்குறைய அந்த வேலைதான். பிரெஞ்சில் ஒரே அர்த்தமுள்ள சொல் தமிழில் மூன்று அர்த்தத்தோடு உட்காருவது அபூர்வம். விடுவேனா? 'பாப் மாமா' என்று எழுதினேன். சரிபார்ப்பில் 'அங்கிள்' ஆக்கினார்கள். காரணம் கேட்டேன். "இயல்பா இருக்கு மேடம்" என்று பதில் வந்தது. ஊசி போடும் முந்தைய காட்சியில் நிகிதா அம்மாவைத் தேடி அழும்போது 'மமான்' என்று கேட்கிறதே, அது நம் ஆட்கள் காதில் 'மாமன்' என்று விழுமே, அதற்கு என்ன செய்யலாம் என்று எழுதிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

விக்டர் விஷயம் இன்னும் மோசம். தூதரக வேலை ஒன்று சொதப்பிய பிறகு, தடயத்தை அழிக்க அனுப்பப்படுகிறவன் அவன். பிணங்களின் மேல் அமிலத்தை ஊற்றுகிறான், அதில் ஒருவருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. விக்டராக ழான் ரெனோ வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்தப் பாத்திரத்தை விட மனமில்லாமல்தான் பெஸோன் 1994இல் அவரையே வைத்து இன்னொரு கொலையாளியின் படம் எடுத்தார். விக்டர் தன்னை 'நெத்வாயர்' என்கிறான், சுத்தம் செய்பவன். 'கிளீனர்' என்று போட்டால் பெரியப்பா சொன்ன லாரி. 'துப்புரவாளர்' என்று போட்டால், ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும் மனிதர்களின் தொழில்பெயரை ஒரு கொலைகாரனுக்குக் கொடுப்பதாகிவிடும். அது எனக்குச் சம்மதமில்லை. மூன்று நாள் அந்த வசனம் திரையில் வரவேண்டிய பெட்டியைக் காலியாக விட்டு வைத்திருந்தேன். கடைசியில் 'மிச்சத்தை முடிப்பவன்' என்று எழுதினேன். முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது ஒன்று இருக்கும், எனக்கு இன்னும் வரவில்லை.

எல்லோரும் புகழும் உணவகக் காட்சியில் எனக்கு வேலையே இல்லை. பாரிஸின் லியோன் ரயில் நிலையத்துக்குள் 1901இல் திறந்த உணவகம், கூரையெங்கும் ஓவியமும் தங்கப்பூச்சுமாக இருக்கும் 'லெ த்ரேன் ப்ளூ'. பிறந்தநாள் என்று அங்கே கூட்டிப்போய் பாப் ஒரு பரிசுப் பொட்டலம் தருகிறார். உள்ளே துப்பாக்கி. பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் கொன்றுவிட்டுக் கழிப்பறை ஜன்னல் வழியாகப் போய்விடு என்கிறார். ஓடிப் போய்ப் பார்த்தால் ஜன்னலில் செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு குண்டுச்சத்தமும் எரிக் செர்ராவின் இசையும்தான், நான் டீ குடித்தேன். ஆனால் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவள் முகம் மலர்ந்து அப்படியே நிற்கும் அந்த நொடியில் ஒரு எழுத்துகூடத் திரையில் வரக் கூடாது என்று முந்தைய பெட்டியைச் சீக்கிரம் அணைத்தேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி வேலைதான் இது.

என்னை வாட்டியது வெனிஸ். பாப் மாமா பரிசாக அனுப்பிய பயணம். காதலர்கள் இருவரும் ஹோட்டல் அறையில் இருக்கும்போது போன் வருகிறது. அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு துப்பாக்கியைப் பூட்டி, ஜன்னல் வழியாகக் குறிபார்க்கிறாள். கதவுக்கு வெளியே மார்க்கோ பேசிக்கொண்டே இருக்கிறான். தன் காதலைச் சொல்கிறான், அவள் ஏன் எதையுமே சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று கேட்கிறான். அவளால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, கண்ணில் நீர், விரல் விசையில்.

பார்ப்பவருக்கு இரண்டு கண்தான். எழுத்தைப் படித்தால் முகம் போய்விடும், முகத்தைப் பார்த்தால் மார்க்கோ போய்விடுவான். எங்களுக்கு ஒரு வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி, ஒரு பெட்டி 7 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதிலும் அந்த மென்பொருள் புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும். 'துப்பாக்கி' நமக்கு 5 எழுத்து, அதற்கு 10. தமிழில் காதலைச் சொல்ல நினைத்தால் பாதியிலேயே சிவப்பு விளக்கு எரிந்துவிடும். முதலில் மார்க்கோ சொன்ன எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்த நாள் பாதியை வெட்டினேன். அதற்கடுத்த நாள் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்து இன்னும் கொஞ்சம் வெட்டினேன். கடைசியில் அவன் வசனம் மூன்று நான்கு சொல்லாகச் சுருங்கிப்போனது. அப்போதுதான் காட்சி மூச்சுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நீளமாகப் பேசுகிறார் என்று தெரிந்தால் போதும்.

படைப்பை அனுப்பி இரண்டு வாரம் கழித்து, திருச்சியில் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தி ஆரம்பிக்கும் நேரம் போன். ஒருங்கிணைக்கும் பையன் கோயம்புத்தூர்க்காரன், நல்ல பிள்ளை. "அக்கா, சாரி கா, வெனிஸ்ல மூணு பெட்டி லிமிட் தாண்டுது, அரை மணி நேரத்துல வேணுமாம்." மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எழுதிக் கையெழுத்துப் போட்ட எதுவும் இல்லை, என் சவ அடக்கப் புகைப்படமும் யாரிடமும் இல்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பெயிண்ட் வாசம் போகாத ஒரு அறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

கதவைத் தட்டினார் என் கணவர். "இலை போட்டாச்சு. அம்மா கேக்கறாங்க."

"ரெண்டு நிமிஷம்."

"உள்ள என்னதான் பண்ற? எங்கிட்டயாவது சொல்லு."

நான் அப்போது திருத்திக்கொண்டிருந்தது மார்க்கோவின் வரியை. இரண்டு எழுத்து குறைய வேண்டியிருந்தது.

திரும்பி வரும் ரயிலில் அவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். விழுப்புரம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். விக்டர், பாப், செங்கல் ஜன்னல் எதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்க்கோவுக்கு எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார். ரொம்ப நாளாகவே தெரிந்துவிடுகிறது, ஆனால் சொல்ல மாட்டான் என்றேன். கடைசியில் அவள் இருவரையும் விட்டுப் போன பிறகு, மார்க்கோவும் பாப்பும் எதிரெதிரே உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அதோடு படம் முடிகிறது என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

அதற்குப் பிறகு விடுமுறை நாளில் அந்தக் கோயம்புத்தூர் எண் ஒளிர்ந்தால், போனை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"ஜோசஃபின், உனக்குத்தான்."