கைப்பிரதி திரும்பி வரும்போது

எழுதியே ஆக வேண்டும் என்ற உந்துதல் ஒருவருக்கு உள்ளிருந்து வருவது. அச்சில் வர வேண்டும் என்ற விருப்பமோ பிறர் சம்மதித்தால்தான் நிறைவேறும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், முதல் நூலைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பலர், அது திரும்பி வந்த அன்றே எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். பதிப்பாளர் வேண்டாம் என்றது ஒரு கைப்பிரதியை மட்டுமே. ஆனால் தாம் எழுதப் பிறந்தவரே அல்லர் என்று தீர்ப்பு வந்துவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

எழுத்து ஒருவருக்கு உண்மையான அழைப்புதானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எழுதும்போது உண்டாகும் பரவசத்தை நான் பெரிதாக நம்புவதில்லை, ஏனெனில் அது மோசமான பக்கங்களை எழுதும்போதும் தாராளமாக வருகிறது. முடித்துவிட்டதாக நினைத்த பகுதியைப் பத்தாவது முறை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே இடறுகிறது என்று தேட ஒருவருக்கு மனம் வருகிறதா என்பதே எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை. பெயரும் பாராட்டும் மட்டுமே வேண்டுவோர் இந்த இடத்தில் சலித்துப் போவார்கள்.

படைப்பாற்றல் ஒரே வழியில்தான் வரும் என்று சொல்ல முடியாது. ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை ஆறு மணிக்குள் ஒரு முழுச் சிறுகதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நாட்குறிப்பில் குறித்தும் வைத்தார். ஆங்கில நாவலாசிரியர் டிராலப் இதற்கு நேர் எதிர். பல ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்தபடியே, விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்காக எழுதி, மொத்தம் 47 நாவல்களைத் தந்தார். 1883-இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்த தன்வரலாற்றில் இந்தக் கணக்கு வெளியானதும், இப்படி எழுதுவதெல்லாம் கலையா என்று முகம் சுளித்தவர்கள் பலர். எனக்கோ அதில் சுளிப்பதற்கு ஒன்றுமில்லை. இருவரும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களே. காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றினார். அலுவலகப் பயணம் ஒன்று குறுக்கிட்டதால் தம் கதையொன்றின் முடிவு கெட்டுப்போனதாக நொந்துகொண்டவரும் அவரே. வேலையை விட்டால்தான் எழுத முடியும் என்று ராஜினாமா கடிதத்தோடு நிற்பவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பேன். வேலையை விட்ட பிறகு எழுத்தே வீட்டு வாடகையையும் கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு முதல் நூல் நன்றாக வருவது அபூர்வம்.

திருத்துவது பற்றிச் சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் அருகே சென்று பார்க்கலாம். 'மகனின் கடிதத்தைப் படித்த அவர் மிகுந்த துயரத்தில் ஆழ்ந்தார்' என்று முதல் வரைவில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் அந்தத் துயரத்தை நாம் சும்மா நம்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாம் வரைவில் அது 'கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தவர், சிறிது நேரம் கழித்து அதை எடுத்து மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார்' என்று மாறுகிறது. துயரம் என்ற சொல்லே போய்விட்டது. ஆனாலும் இப்போதுதான் அது தெரிகிறது. அதோடு விடக்கூடாது: 'சிறிது நேரம் கழித்து' என்பது தேவைதானா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாவல் முழுவதையும் இப்படிச் சல்லடை போடுபவர், பதிப்பாசிரியர் முதல் சில பக்கங்களிலேயே முடிவுக்கு வந்துவிடுகிறார் என்ற செய்தியைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

மறுப்பைப் பற்றிப் பேசினால் ஆறுதல் கதைகள் தவறாமல் வந்துவிடும். பிரெஞ்சு எழுத்தாளர் புரூஸ்டின் பெருநாவலின் முதல் பகுதியைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்ப, அவர் 1913-இல் சொந்தச் செலவில் அதை வெளியிட்டார். மறுத்தவர்களில் ஒருவரான எழுத்தாளர் ஆந்திரே ழீத் மறு ஆண்டே வருந்திக் கடிதம் எழுதினார். இத்தாலியரான லாம்பெதூசாவின் ஒரே நாவலை இரண்டு பெரிய பதிப்பகங்கள் மறுத்தன. அவர் 1957-இல் இறந்தார், நூல் 1958-இல் வெளிவந்தது, 1959-இல் அந்நாட்டின் ஸ்திரேகா இலக்கியப் பரிசையும் பெற்றது. இவை உண்மைதான். ஆனால் மறுக்கப்பட்டதாலேயே ஒரு நூல் உயர்ந்தது என்று இவற்றிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நியாயமாகவே மறுக்கப்பட்ட கைப்பிரதிகளின் கதையை யாரும் எழுதி வைப்பதில்லை. காரணம் சொல்லி வரும் மறுப்பைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே குறையை ஒருவரையொருவர் அறியாத இரண்டு பதிப்பாசிரியர்கள் சுட்டினால், குறை பெரும்பாலும் கைப்பிரதியில்தான் இருக்கிறது. காரணமே இல்லாத மறுப்புக்குப் பொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆண்டுக்கான பட்டியல் நிரம்பிவிட்டது என்பது போன்ற சாதாரணக் காரணங்களும் உண்டு.

அனுப்பும் கடிதத்தில் அழைப்பு, தவம், பிறவிப்பயன் போன்ற சொற்கள் எதுவும் வேண்டாம். நூல் எதைப் பற்றியது, எத்தனை சொற்கள், யார் படிப்பார்கள், எழுதியவர் யார் என்ற விவரங்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் போதும். அனுப்புமுன் அந்தப் பதிப்பகம் இதுவரை என்னென்ன நூல்களை வெளியிட்டிருக்கிறது என்று பார்க்காமல், கவிதை மட்டுமே வெளியிடுவோருக்குத் துப்பறியும் நாவலை அனுப்பிவிட்டுப் புலம்புவோரும் இருக்கிறார்கள்.

சரி என்ற பதில் வந்த பிறகுதான் உண்மையான கவனம் தேவைப்படுகிறது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில் பதிப்புரிமை, எழுதிய கணத்திலேயே எழுதியவருக்குச் சேர்ந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதில் எந்த உரிமையை, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த மொழிக்கு, எந்த வடிவத்துக்குத் தருகிறோம் என்பதையே ஒப்பந்தம் சொல்ல வேண்டும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் எல்லாவற்றையும் ஒரே வரியில் அள்ளிக்கொள்ளும் ஒப்பந்தங்களைக் கையெழுத்திடுமுன் வரி வரியாகப் படியுங்கள். விற்பனையில் எழுத்தாளருக்குச் சேரும் பங்கான ராயல்டி அட்டை விலையின் மீதா, பதிப்பகத்துக்கு வந்து சேரும் தொகையின் மீதா என்று கேளுங்கள், ஏனெனில் இரண்டிலும் ஒரே சதவீதம் எழுதியிருந்தாலும் கைக்கு வரும் தொகை வேறு. நூல் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்பும் என்ற பிரிவு இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அச்சிட எழுத்தாளரிடமே பணம் கேட்டுவிட்டு, உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் நிறுவனத்திடமிருந்து விலகிவிடுங்கள். சொந்தமாக வெளியிட முடிவு செய்தால் அது வேறு கணக்கு: செலவு உங்களுடையது, உரிமையும் உங்களிடமே இருக்கும், மெய்ப்புத் திருத்தத்துக்கும் அட்டைக்கும் விற்பனைக்கும் நீங்களே ஆள் தேட வேண்டும்.